ஒன்பது குரலுக்குத் திறக்கும் கதவு

ஹாலோவே துறை நீதிமன்றத்துக்கு ஒரு கதவு இருந்தது, ஓர் ஆள் தன் முழுப் பலத்தையும் போட்டு இழுத்தால்தான் அசையும் கனத்த மரக் கதவு, அது ஏப்ரல் மாதத்து ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு இல்லாமல் போனது, ஏன் போனது எங்கே போனது என்று இருநூறு வருஷத்துக்கு மேலாக யார் யாரோ மண்டையை உடைத்துக்கொண்டாயிற்று, எனக்கு அந்த ஆராய்ச்சியில் எல்லாம் அக்கறை கிடையாது. கதவு போனது, அவ்வளவுதான். போன பிறகு அந்த ஊர்க்காரர்கள் என்ன செய்தார்கள் என்பதைத்தான் நான் சொல்ல வந்தேன்.

அமெரிக்கா அப்போது பதின்மூன்று மாநிலங்கள், ராஜாவை விரட்டி ஐந்து வருஷம்கூடச் சரியாக ஆகவில்லை, ராஜா இல்லாமல் ஒரு நாட்டை எப்படி நடத்துவது என்று பிலடெல்பியாவில் கூடி எழுதிய சட்டத்தை அச்சடித்து ஊர் ஊராக அனுப்பியிருந்தார்கள், அதைப் பிரிவு பிரிவாக வாசித்துத் தங்கள் வட்டத்தின் சம்மதத்தைச் சொல்ல ஹாலோவே துறையிலும் பத்தொன்பது பெரிய மனிதர்கள் கூடினார்கள். பிலடெல்பியாவில் ஜன்னல்களை அடைத்துக்கொண்டு ரகசியமாகப் பேசினார்களாம் என்று கேள்விப்பட்டு இவர்களும் ஜன்னல்களுக்கு ஆணி அடித்தார்கள். விதி எழுதுவதில் அவர்களுக்கு அப்படி ஓர் ஆசை, புதுப் பேனா கிடைத்த பிள்ளைகள் மாதிரி, சட்டத்தைத் தொடுவதற்கு முன்பே இரண்டு விதிகளை எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். எழுகிற எல்லாக் கேள்விகளும் தீரும்வரை இந்தக் கதவு திறக்காது என்பது முதல் விதி. கூடத்துக்குள் ஒன்பது குரல் ஒன்றுபட்டால் அது தீர்மானம் என்பது இரண்டாவது, ஏனென்றால் புதிய சட்டம் நடப்புக்கு வர ஒன்பது மாநிலங்களின் சம்மதம் வேண்டுமென்று எழுதியிருந்தது, அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டார்கள், பத்தொன்பதில் ஒன்பது பாதிகூட ஆகாது என்பது அங்கே இருந்த பள்ளிக்கூட வாத்தியார் ஆஸ்குட்டுக்கே தோன்றவில்லை. சாப்பாடு எப்படி வரும் என்பதும் ஒருவருக்கும் தோன்றவில்லை.

கதவை வெளியிலிருந்து இழுத்துச் சாத்தியது காத்தான். அவன் நாகப்பட்டினத்துக் கடற்கரைக்காரன், கப்பலில் சமையல் வேலைக்கென்று ஏழு வருஷத்துக்கு ஒப்பந்தச் சீட்டு எழுதிக் கொடுத்து வந்தவன், கப்பல்காரன் அந்தச் சீட்டோடு சேர்த்து அவனையும் கர்னல் பென்ட்லிக்குக் கைமாற்றிவிட்டுப் போய்விட்டான், அது நடந்து இப்போது பதினெட்டு வருஷம். சீட்டு கர்னலின் கோட்டுப் பையில் இருந்தது, கர்னலும் உள்ளே போன பத்தொன்பது பேரில் ஒருவர். ஒவ்வொரு புது வருஷத்தன்றும் காத்தான் போய் நிற்பான், அடுத்த வருஷம் பார்க்கலாம் டாம் என்பார் கர்னல், அந்த ஊரில் அவனுக்கு டாம் என்று பெயர். கதவை இழுத்துச் சாத்தி, கைப்பிடியை விட்டுவிட்டு, பூட்டை மாட்டலாமென்று மறுபடி கையை நீட்டினான், அங்கே கைப்பிடி இல்லை, கதவும் இல்லை, செங்கல் சுவர் இருந்தது, காலை வெயிலில் லேசாகச் சூடாகியிருந்தது.

தச்சன் வந்தான், தனக்கு இதில் வேலை இல்லை என்றான். கொத்தன் வந்து ஒரு செங்கல்லை உருவினான், பின்னால் ஒரு செங்கல் இருந்தது, அதை உருவினால் அதன் பின்னால் இன்னொன்று, பொழுது சாய்வதற்குள் முற்றத்தில் ஒரு குன்று சேர்ந்துவிட்டது, சுவர் ஓர் அங்குலம்கூடக் குறையவில்லை. நல்ல செங்கல்லாக இருந்ததால் ஊரார் அதை வீணாக்கவில்லை, அதைக் கொண்டே கடைத்தெரு முனையில் ஒரு புதுச் சிறைக்கூடம் கட்டினார்கள், ரொம்ப நாளாக வேண்டுமென்று கேட்டுக்கொண்டிருந்த சிறைக்கூடம்தான் அது. ஜன்னல் சட்டங்களும் அப்படித்தான், ஒன்றும் அசையவில்லை, ஆனால் ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு மேலே ஒரு கண்ணாடி முன்பே உடைந்திருந்தது, ஒரு ரொட்டி நுழையும் அளவுக்கு ஓட்டை. காத்தான் நீளமான மீன்கோல் ஒன்றின் நுனியில் கூடையைக் கட்டி, ஏணியில் ஏறி, அந்த ஓட்டை வழியாகச் சாப்பாட்டை இறக்கினான், கூடை காலியாகித் திரும்பி வந்தது. அன்றிலிருந்து அது அவன் வேலையாகிவிட்டது.

ஊர் பழகிக்கொண்டது, ஊர்கள் எதற்குத்தான் பழகிக்கொள்ளவில்லை. மனைவிமார்கள் துணி தைக்கும் வேலையை எடுத்துக்கொண்டு சுவரோரம் வந்து உட்கார்ந்து வீட்டுச் சண்டைகளைச் சுவர் வழியாகவே முடித்துக்கொண்டார்கள், சாராயக் கடைக்காரர் நான்கு பெஞ்சுகளைக் கொண்டுவந்து போட்டார், பாதிரியார் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தைச் சுவரைப் பார்த்து நின்று செய்தார், மே மாதம் ஒரு கல்யாணம்கூட நடந்தது, பெண்ணின் அப்பா உள்ளே மேஜைமேல் நாற்காலி போட்டு ஏறி ஓட்டை வழியாகக் கையை மட்டும் வெளியே நீட்ட, பெண் ஏணியில் ஏறி அந்தக் கையைப் பிடித்து முத்தமிட்டுவிட்டு இறங்கி வந்து மோதிரம் மாற்றிக்கொண்டாள். எல்லாரும் அழுதார்கள், பிறகு எல்லாரும் சாப்பிட்டார்கள்.

உள்ளே பிரிவுகள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. தலைவர் எப்படி இருக்க வேண்டும், நீதிபதிகளை யார் நியமிப்பது, படையை யார் கூட்டுவது, எல்லாவற்றுக்கும் ஒன்பது குரல் கிடைத்தது, ஒவ்வொரு தீர்மானத்துக்கும் சுவருக்குள் எங்கோ ஒரு தாழ்ப்பாள் நகர்கிற சத்தம் கேட்டதாகக் காத்தான் சொன்னான். அவனுக்குத்தான் அந்தச் சத்தத்தின் மேல் அவ்வளவு கவனம். அதற்குக் காரணம் இருந்தது, துறைமுகத்தில் ஒரு கப்பல் புகையிலை ஏற்றிக்கொண்டு நின்றது, துணி வாங்கப் புதுச்சேரிக்குப் போகிற கப்பல்.

கப்பல் தலைவன் லாத்ராப்பிடம் அவன் கப்பல் வந்த முதல் நாளே போய்க் கேட்டுவிட்டான்.

"சமைப்பியா?" என்றான் லாத்ராப்.

"சமைப்பேன் தொரை. பாயும் கட்டுவேன்."

"அப்ப ஏறிக்கோ. ஆனா சீட்டு தீர்ந்துபோச்சுன்னு உன் எஜமான் கையெழுத்து வேணும். அது இல்லாம உன்னை ஏத்தினா, நான் ஆளைத் திருடிட்டுப் போனதா ஆயிடும். ஜூன் கடைசிச் சனிக்கிழமை, கடல் ஓதம் ஏறினதும் கிளம்பிருவேன்."

புதுச்சேரியிலிருந்து நாகப்பட்டினத்துக்கு நடந்தேகூடப் போய்விடலாம். அங்கே செங்கமலம் இருந்தாள், அல்லது இருந்திருப்பாள், கல்யாணமாகி நாற்பது நாளில் அவளிடம் ஏழு வருஷம் என்று சொல்லிவிட்டு அவன் கப்பல் ஏறினான். அவள் இன்னும் காத்திருப்பாள் என்று நம்புகிற அளவுக்கு அவன் முட்டாள் இல்லை. தான் பொய் சொல்லவில்லை என்பதை மட்டும் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட வேண்டும், பதினெட்டு வருஷத்தில் அவனுக்கு மிஞ்சியிருந்த ஆசை அது ஒன்றுதான்.

இதெல்லாம் தெரிந்தவள் ஜூனோ, நீதிமன்ற முற்றத்தில் தனியாக இருந்த சமையற்கட்டில் சமைக்கிற கறுப்பினப் பெண், அவளும் கர்னலுக்குச் சொந்தம், அவளுடைய அம்மாவும் கர்னலின் அப்பாவுக்குச் சொந்தமாக இருந்தவள். தன் ஊரில் மூத்தவளை எப்படிக் கூப்பிடுவார்கள் என்று காத்தான் அவளுக்கு ஒருநாள் சொல்லிக் கொடுத்தான், அவள் இளையவனை எப்படிக் கூப்பிடுவது என்று கேட்டாள், அதிலிருந்து அவன் அவளுக்குத் தம்பி.

ஜூன் மாதம் பிறந்தபோது உள்ளே ஆட்களை எண்ணுகிற பிரிவுக்கு வந்திருந்தார்கள். எந்த மாநிலத்துக்கு எத்தனை பிரதிநிதிகள் என்பதை மக்கள்தொகையை வைத்து முடிவுசெய்ய வேண்டும், அந்த மக்களை எப்படி எண்ணுவது என்று சட்டம் சொல்லியிருந்தது: சுதந்திரமானவர்களும், குறிப்பிட்ட வருஷங்களுக்கு ஒப்பந்தத்தில் இருப்பவர்களும் ஆளுக்கு ஒன்று, வரி கட்டாத செவ்விந்தியர்கள் கணக்கிலேயே இல்லை, மற்ற எல்லாரும், அதாவது அடிமைகள், ஐந்து பேருக்கு மூன்று. அடிமை என்ற சொல்லைப் போடாமலே அதை எழுதியிருந்தார்கள், எழுதியவர்களின் சாமர்த்தியம் அது. இவர்களும் அதைத் தாண்டிப் போயிருப்பார்கள், ஆனால் ஆஸ்குட் வாத்தியாருக்கு உதாரணம் இல்லாமல் எதுவும் புரியாது.

"நமக்குச் சாப்பாடு இறக்கறானே டாம், அவனை எப்படி எண்ணுவது?" என்று கேட்டுவிட்டார்.

கேள்வி எழுந்துவிட்டது, எழுந்தால் தீர்க்க வேண்டும், விதி அப்படி. சீட்டைக் காட்டச் சொன்னார்கள், கர்னல் வேறு வழியில்லாமல் கோட்டுப் பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தார், ஏழு வருஷம் என்று தெளிவாக இருந்தது. ஒப்பந்தக்காரன், ஆகவே ஒன்று என்றார்கள் ஆறு பேர். ஏழு வருஷம் முடிந்து பதினொரு வருஷமாக வைத்திருக்கிறோம் என்றால் அவன் அடிமைதான், ஐந்தில் மூன்று என்றார்கள் ஆறு பேர். எங்கிருந்தோ வந்தவன், வரியும் கட்டவில்லை, அவனை எதற்கு எண்ணுகிறீர்கள் என்றார்கள் மீதி ஆறு பேர். கர்னல் வாயே திறக்கவில்லை. அவனை ஒன்று என்றால் சீட்டு முடிந்ததை ஒப்புக்கொள்ள வேண்டும், ஐந்தில் மூன்று என்றால் ஒப்பந்தக்காரனை அடிமையாக்கியதை ஒப்புக்கொள்ள வேண்டும், ஆகவே கர்னல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இப்படி மூன்று வாரம் போனது, வெயில் ஏறியது, உடைந்த கண்ணாடி வழியாக ஈக்கள் மட்டும் தாராளமாகப் போய்வந்தன.

காத்தான் ஏணியில் ஏறி ஓட்டையில் முகத்தை வைத்துக் கேட்டான்.

"தொரை, சீட்டு மேஜைமேலதான் இருக்கு. ஒரு கையெழுத்து போட்டு இந்தக் கூடையில வச்சிருங்க. உங்களுக்கும் கதவு வந்துரும்."

"சபை முடிவு பண்ணட்டும் டாம்," என்றார் கர்னல். "நான் தனி ஆளா எதையும் செய்யறது முறை இல்ல. இப்ப சட்டத்தின் காலம் வந்தாச்சு."

கீழே ஜூனோ ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "கூடையை நிறுத்து," என்றாள். "ரெண்டு நாள் வயிறு காஞ்சா கை தன்னால எழுதும்."

நிறுத்தினான். ஒரு நாள் மத்தியானம் கூடை போகவில்லை. சாயங்காலம் உள்ளேயிருந்து ஆஸ்குட் வாத்தியார் இருமுகிற சத்தம் கேட்டது, அப்புறம் தண்ணீர் என்று ஒரு குரல், தன்னை ஒன்று என்று சொன்ன ஆறு பேரில் அந்தக் கிழவரும் ஒருவர் என்பது அவனுக்குத் தெரியும். கோலை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறிவிட்டான். ஜூனோ இரண்டு நாள் அவனிடம் பேசவில்லை.

ஜூன் கடைசிச் சனிக்கிழமை காலையில் ஆஸ்குட் வாத்தியாருக்கே ஒரு வழி தோன்றியது, தள்ளிவைப்பதும் ஒருவகையில் தீர்ப்பதுதானே என்று. டாம் எத்தனை ஆள் என்ற கேள்வியை இன்னும் இருபது வருஷம் கழித்து வருகிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று தீர்மானம் எழுதினார்கள், பத்தொன்பது குரலும் ஒன்றாக ஆம் என்றன, கர்னலின் குரல்தான் எல்லாவற்றிலும் பெரியதாக இருந்தது. சுவர் இருந்த இடத்தில் கதவு இருந்தது, எப்போதும் அங்கேயே இருந்த மாதிரி.

பெரிய மனிதர்கள் தாடியோடும் நாற்றத்தோடும் வெளியே வந்தார்கள், மனைவிமார்கள் ஓடினார்கள், மணி அடித்தது. காத்தான் கூட்டத்துக்குள் புகுந்து கர்னலின் முன்னால் போய் நின்றான்.

"தொரை, கப்பல் இன்னும் கொஞ்ச நேரத்துல கிளம்புது. ஒரே ஒரு கையெழுத்து."

"சீட்டு உள்ள மேஜைமேல இருக்கு," என்றார் கர்னல், சாரட்டில் ஒரு காலை வைத்துக்கொண்டே. "எடுத்துட்டு வா, பார்க்கலாம்."

திறந்த கதவு வழியாகச் சீட்டு தெரிந்தது, பதினாறு அடி தூரம்கூட இல்லை. ஜூனோ, "தம்பி, போகாதே," என்று கத்தினாள், அது அவன் காதில் விழுந்தது, ஆனால் துறைமுகத்தில் நங்கூரம் இழுக்கிற பாட்டும் விழுந்தது, அவன் ஓடினான். சீட்டைக் கையில் எடுத்துத் திரும்பினான். சுவர் இருந்தது. தீராத கேள்வி இன்னும் ஒன்று பாக்கி இருந்தது, அந்தக் கேள்வி இப்போது அறைக்குள் நின்றுகொண்டிருந்தது.

அவன் சுவரை அடித்தான், கையால் அடித்தான், நாற்காலியால் அடித்தான், தாய்மொழியில் திட்டினான், அழுதான். வெளியே கர்னல் சாரட்டில் ஏறுவதற்கு முன் சுவரருகே வந்து, குரலில் உண்மையான வருத்தத்தோடு, "இருபது வருஷம்தானே டாம்," என்றார். பத்து மணிக்கு ஓதம் ஏறியது. கப்பல் கிளம்பும்போது வெடிக்கிற ஒற்றை வெடி கேட்டது, அதன் பிறகு துறைமுகத்திலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

இதற்கும் ஊர் பழகிக்கொண்டது, முன்னைவிடச் சீக்கிரமாக. பெஞ்சுகளைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்கள். நீதிமன்றம் புதுச் சிறைக்கூடத்தின் முன்னறைக்கு மாறியது. அந்தப் பத்தொன்பது பேரும் சுவரைக் கடந்து போகும்போது தொப்பியை லேசாக இறக்கிக்கொள்வார்கள், அது அங்கே ஒரு மரியாதைப் பழக்கமாகவே ஆகிவிட்டது, காரணம் தெரியாத வெளியூர்க்காரர்கள்கூட இறக்கினார்கள். ஜூனோ மட்டும் கோலையும் கூடையையும் எடுத்துக்கொண்டு தினம் மூன்று வேளை ஏணியில் ஏறினாள்.

ஜூலை நாலாம் தேதி பீரங்கி வெடித்தது. புதிய சட்டத்துக்கு ஒன்பது மாநிலங்கள் சம்மதித்துவிட்டன, இனி அதுதான் நாட்டின் சட்டம் என்ற சந்தோஷத்தில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு வெடி போட்டார்கள். உள்ளே காத்தான் வேறு வேலையில்லாமல் எண்ணினான். எட்டு. ஒன்பது. அதோடு நின்றது. அவன் திரும்பி மேஜையைப் பார்த்தான், சபையின் நோட்டு திறந்தபடி கிடந்தது, மைக்கூடு இருந்தது, இறகுப் பேனா இருந்தது, சுவரில் அந்த இரண்டு விதிகளும் ஒட்டியிருந்தன. கூடத்துக்குள் ஒன்பது குரல் என்றுதான் எழுதியிருந்தது, எவருடைய குரல், அந்தக் குரலுக்குரிய ஆள் எங்கே நிற்க வேண்டும் என்று எழுத மறந்திருந்தார்கள், வாசலில் நின்று மூன்று மாதம் அதைக் கேட்டுக்கேட்டு அவனுக்கு மனப்பாடம்.

மணலில் விரலால் எழுதிப் பழகிய எழுத்து, பதினெட்டு வருஷமாகத் தொடாத எழுத்து. மெதுவாக எழுதினான், தமிழில்தான் எழுதினான்: காத்தான் ஒரு முழு ஆள், அவன் சீட்டு தீர்ந்தது. அதன் கீழே, சம்மதம், காத்தான் என்று எழுதிப் பக்கத்தில் ஒன்றுக்கு ௧ என்று போட்டான். அந்த நாட்டில் அவன் பெயர் ஒரு காகிதத்தில் ஏறியது அதுதான் முதல் தடவை, அதைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். சுவர் சுவராகவே இருந்தது.

மத்தியானம் ஏணி சுவரில் சாயும் சத்தம் கேட்டது.

"அக்கா, கொஞ்சம் கீழ வா. கதவு இருந்த எடத்துக்கு வா. ஒரு தீர்மானம் போட்டிருக்கேன்."

அவள் இறங்கி வந்து சுவரோடு காதை வைத்தாள். "என்னான்னு?"

"நான் முழு ஆள்னு."

"எத்தனை பேர் சம்மதிச்சாங்க?"

"ஒருத்தன். இங்க வேற யாரு இருக்கா."

"எத்தனை வேணும்?"

"ஒன்பது."

 தூரத்தில் கொண்டாட்டக்காரர்கள் கண்ணாடிக் கோப்பைகளை உடைத்துக்கொண்டிருந்தார்கள்.

"என் பேரை அதுல எழுத முடியுமா?" என்றாள்.

"எழுதலாம்க்கா."

"எப்படி எழுதுவே? அஞ்சுல மூணுன்னா?"

"அந்தக் கணக்கெல்லாம் எனக்கு யாரும் சொல்லிக் குடுக்கல. ஒண்ணுன்னு எழுதத்தான் தெரியும்."

அவள் சிரித்தாள், அல்லது மூக்கை உறிஞ்சினாள், சுவர் வழியாக அவனுக்கு எது என்று தெரியவில்லை. "அப்படின்னா உன் தீர்மானத்தைத் திருத்து," என்றாள். "உன்னை மட்டும் எழுதி வச்சிருக்கே. என்னையும் சேர்த்து எழுது. சேர்த்தாத்தான் நான் சம்மதிப்பேன்."

அவனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. பதினெட்டு வருஷம் தன் சீட்டைப் பற்றியே பேசியிருக்கிறான், அவளிடம் தீர்வதற்கு ஒரு சீட்டே கிடையாது என்பதை ஒரு நாளும் யோசித்ததில்லை. ஒரு கோடு போட்டு மேலே எழுதினான்: காத்தானும் ஜூனோவும், இனி சம்மதிக்கிற ஒவ்வொருவரும், முழு ஆள். வாசித்துக் காட்டினான். அவள் சுவரில் உள்ளங்கையை வைத்து, கூட்டத்தில் பெரிய மனிதர்கள் சொல்கிற மாதிரி நிமிர்ந்து நின்று, "ஆம்," என்றாள். ஜூனோ, ௧ என்று எழுதினான்.

சுவருக்குள் ஒரு தாழ்ப்பாள் நகர்ந்தது. செங்கல்லின் நடுவே, இடுப்பு உயரத்தில், ஒரு சாவித் துளை இருந்தது. அதன் வழியாக ஜூலை வெயில் ஒரு குச்சி கனத்தில் உள்ளே வந்து நோட்டின் மேல் விழுந்தது, அப்புறம் அது மறைந்தது, ஜூனோவின் கண் அங்கே வந்துவிட்டது.

"உன் தாடி ரொம்ப வளர்ந்துருச்சு," என்றாள்.

பிறகு எழுந்து நின்று, முற்றத்துக் கிணற்றடியில் தண்ணீர் எடுக்க வரிசையில் நின்றிருந்த அடிமைப் பெண்களைப் பார்த்துக் குரல் கொடுத்தாள், "டெலியா, வாளியைக் கீழ வச்சிட்டு இங்க வா." டெலியா உடனே வரவில்லை, முதலில் கொண்டாட்டக்காரர்கள் பக்கம் ஒருமுறை பார்த்தாள், புதுச் சிறைக்கூடத்தின் பக்கம் ஒருமுறை பார்த்தாள். உள்ளே காத்தான் பேனாவை மையில் தோய்த்து, அது சொட்டாமல் நோட்டுக்கு மேலே பிடித்துக்கொண்டு, வாளி தரையில் வைக்கப்படும் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றான்.